கறுப்பு பெல்ட்டும் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும்

எந்தக் குடியிருப்பின் நோட்டீஸ் போர்டை எடுத்துக்கொண்டாலும், கோடை விடுமுறைக்கு முன்னால் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். கராத்தே, ஜூடோ, டேக்வாண்டோ என்று பெயர் மாறும். அதன் கீழே வரும் வரி மட்டும் மாறாது: ஒழுக்கம், தன்னம்பிக்கை, தலைமைப் பண்பு வளரும். கையை ஓங்கவும் காலை வீசவும் சொல்லித் தரும் ஒரு வகுப்பு குழந்தையின் குணத்தையும் சீர்ப்படுத்தும் என்பதை நாம் யாரும் கேள்வி கேட்பதில்லை. கட்டணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடுகிறோம்.

இந்த வரி இன்றைய வடிவத்துக்கு வந்து ஏறக்குறைய 140 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு அந்த வடிவத்தைக் கொடுத்ததில் பெரும் பங்கு டோக்கியோவில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியாருடையது. பெயர் ஜிகோரோ கானோ. அவர் போர்க்களம் கண்டவர் இல்லை. அவர் கதையைத் தெரிந்துகொண்டால், நோட்டீஸில் இருக்கும் அந்த வரி எப்போது உண்மையாகும், எப்போது வெறும் விளம்பரமாகும் என்று ஓரளவு பிடிபடும்.

கானோ 1860-இல் இன்றைய கோபே நகரப் பகுதியான மிகாகே என்ற ஊரில் பிறந்தார். சாக்கே என்னும் அரிசி மது வடிக்கும் வசதியான குடும்பம். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பிறகு தந்தையோடு டோக்கியோ. படிப்பில் கெட்டிக்காரர், ஆனால் ஆள் மிகச் சிறியவர். வளர்ந்த பிறகும் உயரம் 5 அடி 2 அங்குலம்தான். பதின்மூன்று, பதினான்கு வயதில் விடுதிப் பள்ளியில் சேர்த்தபோது பெரிய பையன்கள் அவரைப் படாத பாடு படுத்தினார்கள். எடை குறைந்தவன் பலசாலியை வீழ்த்தக்கூடிய ஜூஜுட்சு என்று ஒரு வித்தை உண்டு என்று அவர் கேள்விப்பட்டது அந்த நாட்களில்தான்.

கேள்விப்பட்டாரே தவிர, கற்றுக்கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. காலம் அப்படி. 1868-க்குப் பிறகு ஜப்பான் தலைகீழாக மாறிக்கொண்டிருந்தது. சாமுராய் என்ற சாதியின் சலுகைகள் ஒவ்வொன்றாகப் போயின. 1876-இல் பொது இடத்தில் வாள் தரிக்கவும் தடை வந்தது. அதுவரை பிரபுக்களின் சம்பளத்தில் சண்டைக்கலை கற்பித்துவந்த ஆசான்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். வாள்வீச்சு ஆசான்கள் சிலர் டிக்கெட் போட்டுக் காட்சி நடத்திப் பிழைத்தார்கள். ஜூஜுட்சு ஆசான்கள் பலர் எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் கட்டுப் போட்டு வயிறு வளர்த்தார்கள். நம் ஊரில் சிலம்ப ஆசான்களும் வர்ம ஆசான்களும் கட்டு வைத்தியம் செய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டைக் கழற்றத் தெரிந்தவருக்குத்தானே மாட்டவும் தெரியும்! புதிய ஜப்பானில் படித்தவர்கள் மத்தியில் ஜூஜுட்சு என்றால் முரடர்களின் வேலை என்ற எண்ணம்தான் இருந்தது. கானோவின் தந்தைக்கும் பையன் அதில் இறங்குவது பிடிக்கவில்லை.

1877-இல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு, எலும்பு வைத்தியம் பார்ப்பவர்களைத் தேடிப் போய் விசாரித்து, ஒருவழியாக ஃபுகுடா ஹாசினோசுகே என்ற ஆசானைக் கண்டுபிடித்தார். ஃபுகுடாவின் பாணி பழையது. எறிந்தார் என்றால் எறிந்தார்தான். கால் எங்கே, கை எங்கே என்று கானோ கேட்டால், விளக்கத்துக்குப் பதிலாக இன்னொரு முறை தூக்கி எறிவார். எறிபட்டு எறிபட்டுத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். கானோ மறுக்காமல் எறிபட்டார். கேள்வி கேட்பதையும் நிறுத்தவில்லை.

அங்கே ஃபுகுஷிமா என்று ஒரு கனத்த ஆள் உடன் பயின்றார். அவரை அசைக்கவே முடியவில்லை. சுமோ உத்திகளை எடுத்துப் பார்த்தார், பலிக்கவில்லை. கானோ அடுத்துப் போனது நூலகத்துக்கு. மேல்நாட்டு மல்யுத்தம் பற்றிய புத்தகத்தில், எதிராளியைத் தோளுக்குக் குறுக்கே தூக்கிப் போடும் ஒரு பிடியைக் கண்டுபிடித்துப் பழகிவந்து, அந்த மலையைச் சாய்த்தார். தோள்சக்கரம் என்ற பொருளில் ‘கதாகுருமா’ என்ற பெயரில் அது பின்னர் ஜூடோவில் இடம் பிடித்தது. அடிதடி கற்கப் போன பையன் நூலகத்துக்குப் போய்த் தீர்வு தேடியதுதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த இடம்.

1879-இல் ஃபுகுடா இறந்தார். அடுத்த ஆசான் ஐசோவும் 1881-இல் போய்விட்டார். மூன்றாவதாக வந்தவர் வேறொரு மரபைச் சேர்ந்த ஐக்குபோ. இரண்டு மரபுகளையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் கானோவுக்கு ஓர் அடிப்படை பிடிபட்டது. எறிவதற்கு முன்னால் எதிராளியின் சமநிலையைக் குலைக்க வேண்டும். அவன் தள்ளினால் இழுக்க வேண்டும், இழுத்தால் தள்ள வேண்டும். சமநிலை போன ஆளை எறியப் பெரிய பலம் தேவையில்லை.

1882-இல் கானோவுக்கு 21 வயது. பட்டம் முடித்து, பிரபுக் குடும்பத்துப் பிள்ளைகள் படித்த கக்குஷுயின் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அதே ஆண்டு டோக்கியோவின் எய்ஷோஜி என்ற புத்தர் கோயிலில் இடம் வாடகைக்கு எடுத்துத் தன் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். மொத்தம் 12 பாய் விரிக்கும் இடம். நம் கணக்கில் 200 சதுர அடிக்குச் சற்று மேல். ஒரு பிளாட்டின் ஹால் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் ஆண்டில் மாணவர்கள் 9 பேர். அவர்களிடம் கட்டணம் வாங்கவில்லை. செலவுக்குக் கல்வி அமைச்சகத்துக்காக மொழிபெயர்ப்பு வேலை செய்து பணம் புரட்டினார். ஆட்கள் விழுகிற வேகத்தில் கோயில் தரை ஆடியது. குருக்கள் வந்து சத்தம் தாங்கவில்லை என்று புகார் சொன்னார். (மேல் வீட்டுச் சத்தம் என்பது நம் அசோசியேஷனுக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை.)

அந்தக் கூடத்துக்கு கொடோகான் என்று பெயர். வழியைக் கற்கும் கூடம் என்று பொருள். ஜூஜுட்சு என்பதில் ‘ஜுட்சு’ என்றால் வித்தை. அதை எடுத்துவிட்டு ‘டோ’, அதாவது வழி, என்று போட்டார். ஜூடோ பிறந்தது. பெயர் மாற்றுவது பெரிய காரியமில்லை. நடைமுறையில் எதை மாற்றினார் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

முதலில், விழக் கற்றுக்கொடுத்தார். பழைய மரபிலும் அது உண்டு. கானோ அதைப் பாடத்தின் வாசலில் வைத்தார். தலை தரையில் படாமல், கையால் பாயை அடித்து, உடம்பை உருட்டி விழும் முறை தெரியாதவனை எறியக்கூடாது. அடுத்தது, எறிபவனின் பொறுப்பு. ஜூடோவில் எதிராளியை எறிந்த பிறகும் அவன் சட்டைக் கையை விடாமல் பிடித்து லேசாக மேலே இழுப்பார்கள். கீழே போகிறவனின் தலை அடிபடாமல் இருக்க அது உதவும். எறிந்தவனே விழுபவனைக் காப்பாற்றவும் வேண்டும். மூன்றாவது, ஆளை முடமாக்கக்கூடிய பிடிகளையும் அடிகளையும் சுதந்திரப் பயிற்சியிலிருந்து விலக்கி, முன்கூட்டியே வகுத்த வரிசையில் செய்யும் ‘கதா’ பயிற்சியில் மட்டும் வைத்தார். அதனால்தான் இருவர் முழு பலத்தோடு மோதிவிட்டு, மறுநாளும் வந்து பயில முடிந்தது.

கூடத்தில் பெரியவன், சின்னவன் உறவும் இதிலிருந்தே வந்தது. தேர்ந்தவன் புதியவனோடு பயிலும்போது எப்போதும் ஜெயித்துக்கொண்டே இருந்தால் இருவருக்கும் பயனில்லை. புதியவன் சரியாகச் செய்தால் அவனுக்கு எறிபட்டுக் கொடுக்க வேண்டும். தலைமைப் பண்பு என்று நோட்டீஸில் போடுகிறார்களே, அதற்கு நான் இதைவிடத் தெளிவான பயிற்சியைப் பார்த்ததில்லை.

பாயில் செய்ததோடு அவர் விடவில்லை. கொடோகான் பயிற்சிக்கு நான்கு பகுதிகள் இருந்தன. சுதந்திரப் பயிற்சி, கதா இரண்டும் உடம்புக்கு. மற்ற இரண்டு விரிவுரையும் கேள்வி பதிலும். ஃபுகுடாவிடம் கேட்ட கேள்விகளுக்குப் பதில் கிடைக்காதவர், தன் கூடத்தில் கேள்வி பதிலைப் பாடத்திட்டத்திலேயே சேர்த்துவிட்டார்! உன்னையும் எதிரில் நிற்பவனையும் கவனி, முந்திக்கொள், யோசித்து முடிவெடுத்தால் தயங்காதே, எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்துகொள் என்பதையெல்லாம் பாயில் நடந்ததை வைத்தே பேசினார். சேருபவர்கள் கையெழுத்துப் போட்ட உறுதிமொழியில், கூடத்தின் பெயரைக் கெடுக்க மாட்டேன் என்பதும் ஒன்று. 1889-இல் கல்வி அமைச்சர் முன்னிலையில் ஜூடோவின் கல்விப் பயன் பற்றி ஒரு நீண்ட உரை நிகழ்த்தினார். உடற்பயிற்சி, போட்டி, ஒழுக்கப் பயிற்சி என்று மூன்று நோக்கங்களை அதில் பிரித்து வைத்தார். நம் நோட்டீஸ் வரியின் கொள்ளுத்தாத்தா அந்த உரைதான் என்பேன்.

வேலையில் அவர் கடைசிவரை வாத்தியார்தான். தன் வீட்டிலேயே ஒரு விடுதிப் பள்ளி நடத்தினார். எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் விடியலில் எழுந்து இடத்தைப் பெருக்கித் துடைக்க வேண்டும். ஆசிரியர்களை உருவாக்கும் டோக்கியோ உயர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு, இடைவெளிகளோடு, 1920 வரை தலைமையாசிரியராக இருந்தார். சீன மாணவர்களுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். எழுத்தாளர் லூ ஷுன் அங்கே படித்தவர். 1909-இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவில் ஆசியாவின் முதல் உறுப்பினர் ஆனார். 1912-இல் ஸ்டாக்ஹோமுக்கு ஜப்பானின் முதல் இரண்டு ஒலிம்பிக் வீரர்களை அழைத்துப் போனார். அவர்களில் ஒருவர் அவர் பள்ளி மாணவர் ஷிசோ கனகுரி. மாரத்தானில் வெயில் தாங்காமல் சுருண்டு, வழியில் ஒரு வீட்டில் இளைப்பாறி, யாரிடமும் சொல்லாமல் ஊர் திரும்பினார். 1967-இல் ஸ்வீடன்காரர்கள் கூப்பிட்டு மிச்ச ஓட்டத்தை முடிக்க வைத்தார்கள். நேரம்: 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், சில்லறை மணிகள். இடைப்பட்ட காலத்தில் அவர் முடங்கிவிடவில்லை; ஜப்பானில் நெடுந்தூர ஓட்டத்தை வளர்த்தவர்களில் அவர் முக்கியமானவர்.

இனி பெல்ட்டுக்கு வருவோம், பெற்றோர் அதிகம் கேட்பது அதைத்தான். 1883-இல் கானோ தன் மாணவர்களில் இருவருக்கு, டோமிடா, சாய்கோ என்பவர்களுக்கு, ‘முதல் தான்’ என்ற படிநிலை கொடுத்தார். ‘தான்’ என்பது கோ என்ற பலகை விளையாட்டில் முன்பே இருந்த தரவரிசை. சில ஆண்டுகள் கழித்துத்தான் அந்தப் படிக்காரர்கள் கறுப்பு பெல்ட் கட்டும் வழக்கம் வந்தது. மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் என்ற வானவில் வரிசை ஜப்பானில் பிறந்ததில்லை. ஐரோப்பிய கிளப்களில், குறிப்பாக 1935-இலிருந்து பாரிஸில் கற்பித்த கவாய்ஷி என்பவர் வழியாக, அது பரவியது. மாணவர் சலித்துப் போகாமல் இருக்க அடிக்கடி ஒரு சின்னப் படி ஏற்றம் தேவைப்பட்டது.

கராத்தேவுக்கு இது வந்த வழியும் கானோ வீட்டு வாசல்தான். ஒகினாவா தீவில் இட்டோசு என்ற முதிய ஆசான் 1901-இல் ஆரம்பப் பள்ளியில் கராத்தே கற்பிக்கத் தொடங்கி, பிள்ளைகளுக்காக எளிய வரிசைகளை அமைத்தார். அவரிடமும் பயின்ற பள்ளி ஆசிரியர் ஃபுனகோஷி, 1922-இல் கல்வி அமைச்சகத்தின் கண்காட்சிக்காக டோக்கியோ வந்தார். கானோ அவரை கொடோகானுக்கு அழைத்துச் செய்துகாட்டச் சொன்னார். ஃபுனகோஷி ஊர் திரும்பாமல் தலைநகரிலேயே தங்கினார். 1924-இல் கானோவின் முறைப்படி தன் மாணவர்களுக்கு ‘தான்’ கொடுத்தார். நம் பிள்ளைகள் கராத்தே வகுப்பில் கட்டும் பெல்ட்டின் பூர்வீகம் இதுதான்.

இதோடு நிறுத்தினால் கதை இனிப்பாக இருக்கும். ஆனால் அதே பாயில் வேறு காரியங்களும் நடந்தன.

1911-இல் ஜப்பானின் ஆண்கள் நடுநிலைப் பள்ளிகளில் ஜூடோவும் வாள்பயிற்சியும் விருப்பப் பாடமாக அனுமதிக்கப்பட்டன. 1931-இல் கட்டாயமாயின. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அந்த வகுப்புகள் படைமுகாமுக்கான முன்தயாரிப்பாக மாறின. கீழ்ப்படிதல் மிஞ்சியது, கேள்வி பதில் காணாமல் போனது. 1940 ஒலிம்பிக்கை டோக்கியோவுக்கு வாங்கித் தர உழைத்த கானோ, கெய்ரோ கூட்டம் முடிந்து திரும்பும் வழியில் 1938 மே 4 அன்று ‘ஹிகாவா மாரு’ கப்பலில் இறந்தார். இரண்டு மாதம் கழித்து, சீனாவோடு போரில் இறங்கியிருந்த ஜப்பான் அந்த ஒலிம்பிக்கையே திருப்பிக் கொடுத்துவிட்டது. போரில் தோற்றபின் 1945-இல் பள்ளிகளில் சண்டைக்கலைகள் தடை செய்யப்பட்டன. ஜூடோ பள்ளிக்குத் திரும்பியது 1950-இல்.

கொடோகானுக்குள்ளேயும் எல்லாம் நியாயமாக இல்லை. கானோவின் முதல் ஆசான் ஃபுகுடாவின் பேத்தி கெய்கோ, கானோவே அழைத்ததால் 1935-இல் பயிற்சியில் சேர்ந்தார். உயரம் 5 அடிக்கும் குறைவு. 1953-இல் ஐந்தாம் ‘தான்’ பெற்றார். பெண்களுக்கு அதற்கு மேல் கிடையாது என்பது விதி. ஆறாவது கிடைக்க 1972 ஆனது, அதுவும் விதியை எதிர்த்துக் கடிதங்கள் எழுதப்பட்ட பிறகு. 98 வயதில் அமெரிக்க ஜூடோ அமைப்புகள் பத்தாம் ‘தான்’ கொடுத்தபோதும் அவர் கற்பித்துக்கொண்டுதான் இருந்தார்.

பிள்ளைகள் விஷயம் இன்னும் கனமானது. 1983 முதல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் ஜப்பானின் பள்ளி ஜூடோவில் 100-க்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்ததை நகோயா பல்கலைக்கழகத்தின் ர்யோ உச்சிடா திரட்டிக் காட்டினார். பலருக்குத் தலையில் அடி. இறந்தவர்களில் அதிகம் பேர் முதலாண்டு மாணவர்கள், அதாவது விழக் கற்று முடிக்காதவர்கள். 2013-இல் தேசியப் பெண்கள் அணியின் 15 பேர் பயிற்சியில் அடி உதை என்று செய்த புகார் வெளியே வந்தது. தலைமைப் பயிற்சியாளர் பதவி விலகினார். கானோ எதை வாசலில் வைத்தாரோ அதைத் தாண்டி உள்ளே போனதன் விலை இது.

ஆகவே பெயர் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் வகுப்பின் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள் என்று சொல்வேன். முதல் வாரம் விழச் சொல்லித் தருகிறார்களா, நேரே உதைக்கச் சொல்கிறார்களா? பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையோடு மோதும்போது எப்படி நடந்துகொள்கிறது? ‘மாஸ்டர், ஏன் இப்படி?’ என்று ஒரு பிள்ளை கேட்டால் மாஸ்டரின் முகம் எப்படிப் போகிறது? அடுத்த பெல்ட் எப்போது, தேர்வுக் கட்டணம் எவ்வளவு என்பதை அதற்குப் பிறகு விசாரிக்கலாம்.

கானோ விரும்பியது எப்படி இருக்கும் என்று பார்க்க, 1964 அக்டோபர் 23-க்குப் போகலாம். ஜூடோ முதல்முறையாக ஒலிம்பிக்கில் சேர்ந்த டோக்கியோ போட்டி. மற்ற மூன்று எடைப்பிரிவுகளிலும் தங்கம் ஜப்பானுக்கே. கடைசியில் எடை வரம்பில்லாப் பிரிவு. நெதர்லாந்தின் ஆன்டன் ஹேசிங்க், ஏறக்குறைய ஆறரை அடி ஆள், ஜப்பானின் கமினாகாவைத் தரையில் அழுத்திப் பிடித்து ஜெயித்தார். அரங்கமே உறைந்திருந்தது. நெதர்லாந்து ரசிகர்கள் ஆரவாரத்தோடு பாயை நோக்கி ஓடினார்கள். ஹேசிங்க் இன்னும் முழுதாக எழுந்திருக்கவில்லை. கையை உயர்த்தி அவர்களை அங்கேயே நிற்கச் சொன்னார். பிறகு எழுந்து எதிராளிக்கு முறைப்படி தலைவணங்கினார்.

2022 மார்ச்சில் அனைத்து ஜப்பான் ஜூடோ கூட்டமைப்பு, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான தேசியப் போட்டியையே நிறுத்திவிட்டது. 10 முதல் 12 வயதுக்காரர்களின் போட்டி அது. வெற்றி வெறி அளவு மீறிப் போய்விட்டது என்பது காரணம். எடைப்பிரிவுக்காகப் பிள்ளைகளைப் பட்டினி போட்டு எடை குறைக்கிறார்கள், நடுவரைப் பார்த்துக் கூச்சலிடுகிறார்கள் என்று புகார்கள் வந்திருந்தன. அப்படிச் செய்தவர்கள் பயிற்சியாளர்களும், பாயைச் சுற்றி நின்ற பெற்றோர்களும்.